கண்ணாடியின் ஓரத்துப் பழுப்பு

பிப்ரவரி 9

எறும்புக்கு,

நலமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதை அடுத்த கடிதத்தில் கேட்கிறேன். முதலில் இந்த டப்பாவிலிருக்கும் பஞ்சைப் பிரித்து, உள்ளே இருக்கும் மெழுகுக் கட்டையை எடுத்து வெயில் படாத இடத்தில் வை. பிறகு உட்கார்ந்து படி.

அந்தக் கட்டைக்குள் இருப்பது என் திசு.

போன மாதம் பொம்மி பால் குடித்துக்கொண்டே என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஒரு வேலை, வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். விரலை விடுவிக்கப் போனேன். காது மடலுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில், கடலைப் பருப்பு அளவுக்கு ஏதோ வழுக்கி நகர்ந்தது. வலி இல்லை. வலித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று உன்னிடம் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள். இந்த மருத்துவமனையில் வழக்கமான நீலமும் இளஞ்சிவப்புமான சாயத்தைத் தவிர வேறு கிடையாது. அறிக்கையில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "உமிழ்நீர்ச் சுரப்பியில் பிளாஸ்மா செல் போன்ற செல்கள். புற்றாக இருக்கக்கூடும். சிறப்புச் சாயங்கள் தேவை." அதைப் படித்துவிட்டு இங்குள்ள டாக்டர், "பாலை இப்பவே கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தப் பாருங்கம்மா. மருந்து ஆரம்பிச்சுட்டா குழந்தைக்குக் குடுக்க முடியாது" என்றார். மழை வரும், துணியை எடுத்துவிடுங்கள் என்று சொல்வது போல அத்தனை சாதாரணமாகச் சொன்னார்.

ஸ்லைடை நானும் வாங்கிப் பார்த்தேன். எத்தனையோ பேருடைய கட்டிகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள்தானே. ஆனால் இந்த முறை செல்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தன. கண்ணை எடுத்துவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். நம் லேபின் சீஃப் பார்க்கட்டும். நீ பார்க்க வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் சரி. காலேஜில் எனக்கு ஜூனியராக இருந்தாய், உன் அண்ணனை எனக்குக் கட்டிவைத்தாய், எல்லாம் நினைவிருக்கிறது. நான் பிரசவத்துக்குப் போன அடுத்த திங்கட்கிழமையே என் மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது. என் நாற்காலியைத் தாழ்த்திவிட்டாயாம், வரவேற்பில் இருக்கும் பெண் சொன்னாள்.

உன் அண்ணனுக்குத் தெரியாது. நெறி கட்டியிருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். போனில் கூப்பிடாதே. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவதால் இந்த வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான். கூரியரில் எழுது.

அண்ணி

&nbsp;

பிப்ரவரி 13

அண்ணிக்கு,

கட்டை உடையாமல் வந்தது. பவுடர் டப்பாவில் அனுப்பியிருக்கிறீர்கள். என் மேசை முழுக்க இன்னும் குழந்தை வாசனை.

சீஃப் கண் ஆபரேஷனுக்கு விடுப்பில் இருக்கிறார். கண் டாக்டர் மைக்ரோஸ்கோப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். தலை, கழுத்துக் கட்டிகள் எல்லாம் இப்போது நான்தான் பார்க்கிறேன். வேறு லேபுக்கு அனுப்பட்டுமா என்று உங்களைக் கேட்கலாம். கேட்கவில்லை. நானே பார்க்கிறேன்.

முதல் சீவலை வழக்கமான சாயத்தில் போட்டுப் பார்த்தேன். உங்கள் ஊர் டாக்டரைக் குறை சொல்ல முடியாது. செல்களின் கரு ஒரு பக்கமாக ஒதுங்கி, பிளாஸ்மா செல்லைப் போலத்தான் இருக்கிறது. நீலமும் இளஞ்சிவப்பும் செல்லின் முகத்தைக் காட்டும், அது யார் வீட்டுப் பிள்ளை என்று காட்டாது. அதற்குப் பழுப்புச் சாயங்கள் வேண்டும். ஆனால் ஊசியில் வந்திருப்பது மூன்று நூல் துணுக்கு. ஒரு சீவலுக்கு ஒரு சாயம்தான். எதைப் போடுவது எதை விடுவது என்று யோசித்துத்தான் வெட்ட வேண்டும். கத்தி பிடிக்கிற டெக்னீஷியனிடம், "இதுல ஒண்ணுகூடச் சுருங்கக் கூடாது" என்றேன். "யாரோடது டாக்டர்?" என்றார். "ஒரு அம்மாவோடது" என்றேன்.

நாற்காலியை நான் தாழ்த்தவில்லை. அதன் திருகு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. நான் காலுக்குக் கீழே பழைய அகராதிகளை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்கிறேன். ரெக்ஸின் கிழிந்த இடம் தொடையில் குத்துகிறது. இதற்கா அண்ணி இவ்வளவு?

பாலை நிறுத்தாதீர்கள். முடிவு வரட்டும். அண்ணனிடம் சொல்லுங்கள்.

எறும்பு

&nbsp;

பிப்ரவரி 17

எறும்புக்கு,

கேட்கலாமாம், கேட்கவில்லையாம். என் கழுத்தில் இருப்பதை யார் பார்ப்பது என்று என்னைக் கேட்காமலே முடிவுசெய்கிற அளவுக்கு நாற்காலி உனக்குப் பிடித்துப்போயிருக்கிறது. தொடையில் குத்தினாலும்.

எனக்கு எல்லாச் செய்தியும் வருகிறது. வரவேற்புப் பெண்ணுக்கு என்மேல் என்ன கோபமோ, ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். "இப்பல்லாம் சர்ஜன் சார் நேரா அவங்க ரூமுக்கே வந்துடறார் டாக்டர். நீங்க இருந்தப்ப போன்தானே பண்ணுவார்." நான் சிரித்துக்கொண்டே, "அப்படியா, நல்லதுதானே" என்றேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. கழுத்தில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, சர்ஜன் யார் ரூமுக்கு வருகிறார் என்பதற்கு அழுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பாலை நிறுத்தாதே என்று எழுதுவது எளிது. எப்போது மருந்து தொடங்குவார்களோ, அன்றைக்குத் திடீரென்று பிடுங்கிக்கொள்வதா? பாட்டிலைப் பழக்கத் தொடங்கிவிட்டேன். ரப்பரை நாக்கால் தள்ளுகிறாள். தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கவும் செய்கிறாள். உன் அண்ணன், "ஏழு மாசம்தானே ஆச்சு, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். வேலைக்குத் திரும்பப் போகிறேன், அதற்குத்தான் என்று பொய் சொன்னேன். சொன்ன பிறகு, இந்தப் பொய் உண்மையாகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

பொம்மியின் அந்த முகத்தை நீ இன்னும் பார்க்கவில்லை. ஏழு மாதத்தில் ஒருநாள்கூட வந்து எட்டிப்பார்க்காத அத்தை. கூரியரில் ஒரு சட்டை வந்தது. அளவு பெரிது.

சாயம் போட்டதும் ஸ்லைடுகளை எனக்கு அனுப்பு. அறிக்கை மட்டும் போதாது. என் காலேஜ் மைக்ரோஸ்கோப் இன்னும் இருக்கிறது, சமையலறை மேசையில் துடைத்து வைத்திருக்கிறேன். நீ சொல்வதை நான் பார்த்துத்தான் நம்புவேன்.

அண்ணி

&nbsp;

பிப்ரவரி 24

அண்ணிக்கு,

ஸ்லைடுகள் இத்துடன். அறிக்கையின் நகலும் இத்துடன். அறிக்கை உங்களுக்குப் புரியும் என்றாலும், இங்கேயும் நேராக எழுதுகிறேன்.

பிளாஸ்மா செல்லுக்கான சாயம்: பிடிக்கவில்லை. கெரட்டின்: பிடித்திருக்கிறது. பி-63: ஏறக்குறைய எல்லாக் கருவிலும் நல்ல பழுப்பு. எஸ்-100: பிடித்திருக்கிறது. செல் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று காட்டும் சாயத்தில் நூற்றுக்கு இரண்டு செல்கூடத் தேறவில்லை.

ஆக இது பிளாஸ்மா செல் இல்லை. பிளாஸ்மா செல்லின் வேஷத்தில் இருக்கும் மையோஎபிதீலியல் செல். உமிழ்நீர்ச் சுரப்பியைச் சுற்றி அணைத்துக்கொண்டு, அதை அமுக்கி எச்சிலை வெளியே தள்ளும் செல். அது மட்டும் தனியாகச் சேர்ந்து கட்டியாவது அபூர்வம். மையோஎபிதீலியோமா. பரவுகிற குணம் இல்லாத கட்டி. நாம் இரண்டு பேரும் சேர்ந்து இருந்த காலத்தில் லேபுக்கு ஒன்றுகூட வந்ததில்லை. வந்த முதல் ஒன்று உங்களுடையது. எதிலும் முதலிடம் உங்களுக்குத்தான்.

முழுக் கட்டியையும் எடுத்து, அதன் எல்லையைப் பார்த்த பிறகுதான் கடைசி வார்த்தை சொல்ல முடியும். ஆனால் மருந்து வேண்டாம், கதிர் வேண்டாம். கட்டியை மட்டும் எடுத்தால் போதும், முகத்துக்குப் போகிற நரம்பை வெட்ட வேண்டியதில்லை. சர்ஜனிடம் பேசினேன். ஆமாம், என் ரூமுக்கு வந்தார்.

இன்னொன்று. மார்பிலும் இதே இனத்துச் செல்தான் இருக்கிறது. பாலை அமுக்கி வெளியே தள்ளுவது அதுதான். உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் இந்த வாரம் அதை யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பாட்டிலைத் தூக்கி உள்ளே வையுங்கள்.

எறும்பு

&nbsp;

மார்ச் 1

எறும்புக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஐந்து நிமிடம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஸ்லைடைப் பார்த்தேன்.

லேபிளுக்குப் பக்கத்தில், கண்ணாடியின் ஓரத்தில், என் திசுவிலிருந்து விரல் அகலம் தள்ளி, இன்னொரு திசு ஒட்டியிருக்கிறது. விரல் விரலாகக் குருத்துகள், குருத்துக்குள் ரத்தக் குழாய்கள். இரண்டாம் வருட மாணவிகூடச் சொல்வாள், அது நஞ்சுக்கொடி. ஒரு ஸ்லைடில் இல்லை, பழுப்புச் சாயம் போட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது. பிளாஸ்மா செல் சாயம் போட்டதில் என் கட்டி வெளிறிக் கிடக்கிறது, ஓரத்தில் இருப்பது மட்டும் கன்னங்கரேலென்று பழுப்பேறி நிற்கிறது. என் கன்னத்தில் எப்போதிருந்து நஞ்சுக்கொடி முளைக்கிறது?

சாயம் சரியாக வேலை செய்ததா என்று பார்க்க வைக்கிற கன்ட்ரோல் அது என்று சொல்லித் தப்பிக்காதே. நம் லேபில் கன்ட்ரோல் டான்சில். அதையும் தனி ஸ்லைடில்தான் போடுவோம். ஐந்து வருடம் நானே வைத்த முறை அது. யாரோ ஒரு பிரசவக்காரியின் திசு என் திசுவோடு கலந்திருக்கிறது. அப்படிக் கலக்க விட்ட கை, என் கட்டையையே வேறு யாருடையதோடாவது மாற்றியிருக்காது என்று நான் எப்படி நம்புவது? நல்ல செய்தி எனக்கு வந்தது. எனக்கு வர வேண்டிய கெட்ட செய்தி வேறொருத்திக்குப் போயிருந்தால்? இரவெல்லாம் இதுதான் ஓடியது.

சீஃபுக்கு நேற்றே மெயில் அனுப்பிவிட்டேன். என்ன பார்த்தேனோ அதை அப்படியே எழுதினேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஒன்று மட்டும் உனக்குத் தனியாக எழுதுகிறேன். நஞ்சுக்கொடி என்பது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிற குப்பை இல்லை. அது உனக்கு எப்படித் தெரியப்போகிறது.

இங்குள்ள டாக்டர் பதினெட்டாம் தேதி மருந்து தொடங்கலாம் என்கிறார். நான் சரி என்று சொல்லப்போகிறேன். பொம்மி இன்று இரண்டு வேளை பட்டினி கிடந்தாள், பாட்டிலைத் தொடவில்லை. நானும் என்னைத் தரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து அழுதோம்.

அண்ணி

&nbsp;

மார்ச் 6

அண்ணிக்கு,

அது உங்களுடையது.

யாரோ பிரசவக்காரி இல்லை. உங்கள் நஞ்சுக்கொடி. பொம்மி எட்டாம் மாதத்திலேயே பிறந்ததால் காரணம் பார்க்கச் சொல்லி லேபுக்கு அனுப்பினார்கள். சீஃப் ஊரில் இல்லை. வாளி என் மேசைக்கு வந்தது, மூடியில் உங்கள் பெயர். எடைபோட்டேன், கழுவினேன், வெட்டினேன். ஃபார்மலினில் கிடந்தது சூடாக இருக்காது என்று எனக்குத் தெரியும். என் கைக்குச் சூடாக இருந்தது.

அதே வாரம் எனக்கு மூன்றாவது முறையும் கரு தங்கவில்லை. உங்களுக்குச் சொல்லவில்லை. அண்ணன் போன் செய்து, "அத்தையாயிட்டடி எறும்பு" என்றார். "சந்தோஷம்ணா" என்றேன். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

பிறகு நான் உங்கள் இடத்துக்கு வந்தபோது பழைய டான்சில் கட்டை தேய்ந்துபோயிருந்தது. தனி ஸ்லைடில் கன்ட்ரோல் போடுவதையும் நிறுத்தினேன். அந்த ஸ்லைடில் சாயம் விழுந்தது என்பதற்காக இந்த ஸ்லைடிலும் விழுந்தது என்று எப்படிச் சொல்வது? இரண்டும் ஒரே கண்ணாடியில் இருந்தால்தான் நம்பலாம். எனக்கு வேண்டிய சாயங்களை எல்லாம் பிடித்துக்கொள்கிற ஒரே திசு நஞ்சுக்கொடி. மிச்சத்தை லேப் வைத்துக்கொள்ளலாம் என்று பிரசவ வார்டுக் காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். லேப் கேட்க வேண்டியதில்லை. நாத்தனார் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இப்போது அந்தப் பிளாஸ்மா செல் ஸ்லைடை மறுபடி எடுங்கள். கட்டி ஏன் வெளிறிக் கிடக்கிறது? சாயமே விழாததாலா, இல்லை அது பிளாஸ்மா செல் இல்லாததாலா? கட்டியை மட்டும் பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது. ஓரத்தில் கன்னங்கரேலென்று நிற்கிறது பாருங்கள், அதனால்தான் சொல்ல முடிகிறது. உங்களுக்குப் புற்று இல்லை என்று எழுத எனக்கு இருந்த சாட்சி அதுதான். நீங்கள் எதை என் தவறு என்று சீஃபுக்கு எழுதினீர்களோ அது.

குழந்தையைப் பார்க்க வரவில்லை என்கிறீர்கள். நான் எந்த நோயாளியின் ஸ்லைடையும் ஓரத்திலிருந்துதான் தொடங்குகிறேன். கன்ட்ரோல் சரியா என்று பார்த்த பிறகுதான் நடுவுக்குப் போக முடியும். கிழவரின் நாக்கானாலும், லாரி டிரைவரின் கழுத்தானாலும், முதலில் உங்கள் குழந்தை ஒட்டியிருந்த இடம். ஏழு மாதமாக, வேலை நாள் தவறாமல். நீங்கள் ஒரு கிழிந்த நாற்காலிக்குப் பொறாமைப்படுகிறீர்கள் அண்ணி. எனக்கு எதன்மேல் பொறாமை என்று நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எனக்கு எப்படித் தெரியப்போகிறது என்று கேட்டீர்கள். இப்படித்தான் தெரியும்.

சீஃப் ஒரு கண்ணில் கட்டோடு வந்தார். விசாரித்து முடிக்கும்வரை தலை, கழுத்து அறிக்கைகளில் நான் கையெழுத்துப் போடக் கூடாது. ஏற்கெனவே போட்ட அறிக்கைகளும் நிறுத்திவைக்கப்படுகின்றன. உங்களுடையதும் அதில் சேர்த்தி. சர்ஜனுக்குப் போக வேண்டிய காகிதத்தை நீங்களே மறித்திருக்கிறீர்கள். பதினெட்டாம் தேதிக்கு முன்னால் அது உங்கள் டாக்டர் கைக்கு வர வேண்டும் என்றால், நீங்கள்தான் சீஃபுக்கு எழுத வேண்டும். எனக்காக வேண்டாம்.

குழந்தைக்குப் பால் கொடுங்கள்.

எறும்பு

&nbsp;

மார்ச் 10

எறும்புக்கு,

கடிதம் வந்ததும் பொம்மிக்குப் பால் கொடுத்தேன். முதலில் அது. கோபத்தில் ஒரு கடி கடித்தாள், கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. பிறகு காதைப் பிடித்துக்கொண்டாள். குடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டு மறு கையால் ஸ்லைடை வைத்தேன்.

ஓரத்திலிருந்து தொடங்கினேன்.

குருத்துகள் முழுதாக முதிரவில்லை. எட்டாம் மாதத்துக் குருத்துகள். அது என் கண்ணில் படாமல் இருந்ததில்லை, பட்டது. ஆனால் நான் உன் தவறைத் தேடிக்கொண்டிருந்தேன், வேறு எதையும் தேடவில்லை. இங்கே பழுப்பு, அங்கே வெளிர். நான் அறிக்கை எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். ஒரு கண்ணாடியில் நானே இரண்டு துண்டாகக் கிடக்கிறேன். மடியில் அவள். ஓரத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தேன். நீ ஏழு மாதமாக ஓரத்தை மட்டும் பார்த்திருக்கிறாய்.

சீஃபுக்கு எழுதிவிட்டேன். "ஸ்லைடைத் தவறாகப் படித்தவள் நான். கன்ட்ரோலை ஒரே கண்ணாடியில் வைத்ததால்தான் இந்த முடிவை நம்ப முடிகிறது. தனி ஸ்லைடு என்ற பழைய முறை என்னுடையது, அது இதைவிட மட்டம்." கடைசி வரியை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் எழுதினேன். அவர் உடனே பதில் போட்டார்: "இரண்டு பேரும் ஒரே குடும்பம் என்பதை நான் மறந்துவிட்டேன். நல்லவேளை, எனக்குக் கண்தான் ஆபரேஷன்." உன் கையெழுத்துக்குத் தடை இன்றோடு போய்விட்டது என்று கீழே இருந்தது. அறிக்கையும் இங்குள்ள டாக்டருக்கு வந்து சேர்ந்தது. படித்துவிட்டு, "அப்போ பாலை நிறுத்த வேணாம்மா" என்றார். துணி காயட்டும், எடுக்க வேண்டாம் என்கிற அதே குரல்.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொம்மியை என் மடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அப்படித்தானே?" என்றார். உன்மேல் பொறாமைப்பட இந்த வீட்டில் இன்னொரு ஆள் சேர்ந்துவிட்டார்.

ஆபரேஷன் அங்கேயே, உன் சர்ஜனிடம். 'உன் சர்ஜன்' என்று எழுதியதைக் கவனி. கட்டி லேபுக்கு வந்ததும் நீதான் வெட்ட வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது.

எனக்கு எதுவும் சொல்லவில்லையே நீ. மூன்று முறை. நான் ஒவ்வொரு முறையும் உன்னிடம் தூக்கமில்லை, இடுப்பு வலி, வயிற்றில் உதைக்கிறாள் என்று புலம்பியிருக்கிறேன். நீ "ம்" போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய். போன கடிதத்தில் நான் தனியாக எழுதிய அந்த ஒரு வரியைக் கிழித்து எடுத்துவிடு. முடியாது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 4

அண்ணிக்கு,

நீங்கள் ஊர் திரும்பிய பிறகு கடைசிச் சாயம் முடிந்தது. சர்ஜனுக்கு அறிக்கை போய்விட்டது. உங்களுக்கு இது.

கட்டியைச் சுற்றி மெல்லிய உறை, எல்லாப் பக்கமும் முழுசாக இருக்கிறது. எங்கும் வெளியே நுழையவில்லை. நரம்பைச் சுற்றிப் படரவில்லை. மையோஎபிதீலியோமாதான், சாதுவானதுதான். இது கடைசி வார்த்தை. கையெழுத்து என்னுடையது, சீஃபும் இரண்டு கண்ணாலும் பார்த்துப் பக்கத்தில் போட்டிருக்கிறார். வாயின் ஓரம் கொஞ்சம் கோணுகிறது என்றீர்களே, அது நரம்பைத் தொட்டு நகர்த்தியதால். சில வாரத்தில் சரியாகிவிடும். அதுவரை சிரிக்காமல் இருங்கள், உங்களுக்குச் சிரமமாக இருக்காது.

ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் தியேட்டருக்குள் போன பிறகு பொம்மி அழுதாள். அண்ணன் தூக்கிக்கொண்டு நடந்தார், பாடினார், அதனால் இன்னும் அழுதாள். "நீ கொஞ்சம் பிடி" என்று என் கையில் தந்துவிட்டார். எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை, ஸ்லைடு தட்டைப் பிடிப்பது போல இரண்டு கையிலும் நேராகப் பிடித்தேன். அண்ணன் சிரித்தார். பாட்டிலைக் கொடுத்துப் பார்த்தேன். குடித்தாள். முழுதும். குடித்து முடித்து என் காதைப் பிடித்து இழுத்தாள். உங்கள் மகள் உங்களிடம் பாட்டில் குடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் அன்றே சொல்லவில்லை.

இன்னும் இரண்டு செய்தி. உங்கள் நஞ்சுக்கொடிக் கட்டை தீரப்போகிறது, இன்னும் கொஞ்சம் சீவல்தான் வரும். உங்கள் கட்டி, பி-63 சாயத்தையும் எஸ்-100 சாயத்தையும் அப்படிப் பிடிக்கிறது. அதை அடுத்த கன்ட்ரோலாக வைத்துக்கொள்ளலாமா? இந்த முறை கேட்கிறேன். எப்படியும் எனக்கு உங்களிடமிருந்து விடுதலை இல்லை.

நாற்காலியைச் சரிபார்க்க ஆள் வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "இது துரு இல்ல மேடம், யாரோ ஸ்பானர் போட்டு இறுக்கியிருக்காங்க" என்றார். யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எறும்பு

&nbsp;

ஏப்ரல் 9

எறும்புக்கு,

நலமா? முதல் கடிதத்தில் வைத்த பாக்கி.

கட்டியை வைத்துக்கொள். அனுமதி தந்தேன். ஓரத்தில் வைக்கிற போது நேராக வை. நீ எப்போதும் கொஞ்சம் சாய்த்து வைக்கிறாய், பார்த்தேன்.

அறிக்கையை உன் அண்ணனிடம் காட்டினேன். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, கீழே உன் கையெழுத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். என் கல்யாணப் புடவைக்கு மேலே. அதையும் கவனித்துக்கொண்டேன்.

பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரு வாய் வாங்காதவள் உன்னிடம் ஒரு பாட்டில் குடித்தாளா? முழுதுமா? அன்றிலிருந்து நான் அவளைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. நேற்று மடியில் படுத்துக்கொண்டு என் காதைத் தேடினாள். ஒரு பக்கம் கட்டு இருப்பதால் இன்னொரு காதைக் கொடுத்தேன். பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். "என்னடி, அத்தை காதுதான் வேணுமா?" என்று கேட்டேன். 'த்தை' என்றாள். எச்சில் ஒழுகத் தற்செயலாக வந்த சத்தம்தான், எனக்குத் தெரியாதா. இருந்தாலும் அவள் வாயிலிருந்து 'அம்மா' இன்னும் வரவில்லை.

அவள் இழுத்த இடத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள். இரண்டு பக்கமும் பார். ஒன்றும் இருக்காது, இருந்தாலும் பார்.

நாற்காலியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வா. கூரியரில் சட்டை அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வந்து போட்டுப் பார். முன்பு அனுப்பினாயே, அது இப்போது அவளுக்குச் சரியாக இருக்கிறது. நீ வருவதற்குள் பாட்டில்களை எல்லாம் ஒளித்துவைத்துவிடுவேன். எங்கே என்று உன் அண்ணனைக் கேட்காதே, சொல்லிவிடுவார்.

அண்ணி